கால் செருப்பான வழக்கு

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைச் சிற்றூரில், ஒரு மனிதரின் கால் காலா செருப்பா என்று ஊரே கூடி உட்கார்ந்து பேசியது. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது என் வாய்தான். படித்தவள் சொன்னது என்பதால் ஊரில் ஒருவர்கூட அதை மறக்கவில்லை.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. நான் பத்தாவது தேறியபோது அப்பா பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நடந்து போனார். தொலைந்துபோன மாட்டைத் தேடி வந்ததாகப் பேச்சை ஆரம்பித்து, என் மதிப்பெண்ணில் முடித்துவிட்டு வருவார். எங்களுக்கு அப்போது மாடே கிடையாது. பிறகு வேலூரில் விடுதியில் தங்கி பிசியோதெரபி படித்து முடித்தேன். இப்போது மலையடிவாரத்து ஊர் ஒன்றில், சண்டையிலும் வெடியிலும் படுகாயமடைந்து வீடு திரும்பும் ராணுவ வீரர்களுக்கு உதவும் சின்ன அமைப்பில் வேலை செய்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். ஞாயிற்றுக்கிழமையும் தொங்கும். மலைக்கு ஏறும் ஷேர் ஜீப்பில் டிரைவர் எனக்கு எப்போதும் முன்சீட்டை ஒதுக்கி வைப்பார். படிப்புக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்திருந்தேன். பின்னால் உட்கார்ந்தால் நான் வாந்தி எடுப்பேன் என்பதுதான் காரணம் என்று ஒருநாள் அவரே சொன்னார். இரண்டும் காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராணுவ மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி, கை காலைப் பொருத்தி, சல்யூட் அடித்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை. குளிப்பது, பஸ் ஏறுவது, வயலில் இறங்குவது, சொந்த வீட்டு வாசல்படியைத் தாண்டுவது. மருத்துவமனையில் இருந்த தரை வேறு, வீட்டில் இருக்கும் தரை வேறு. அதோடு, இவர்களுக்குக் காயத்தைவிட அக்கம்பக்கத்தாரின் அன்பு பெரிய தொல்லை. வாணியம்பாடிக்கு அருகே கண்பார்வை போன ஒருவர் இருக்கிறார். தெருவே முறை வைத்து அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டியது. ஒரே செய்தியை காலையில் பெட்டிக்கடைக்காரர் வாயாலும் மதியம் வாத்தியார் வாயாலும் சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா வாயாலும் கேட்டுக் கேட்டு, மனிதர் தூங்குவதுபோல் நடிக்கக் கற்றுக்கொண்டார். கலசப்பாக்கத்தில் வலது கை இழந்த இன்னொருவருக்கு, கேட்காமலே மூன்று பேர் சட்டைப் பொத்தான் போட வருவார்கள். அவர் இப்போது பொத்தான் இல்லாத சட்டையாகப் பார்த்து வாங்குகிறார்.

அப்படி என்னிடம் வந்தவர்தான் இந்த அண்ணன். எங்கள் ஊர்க்காரர், எனக்கு முறைக்கு அண்ணன். அவருடைய அம்மா எனக்குப் பெரியம்மா. எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் இரண்டு காலும் முட்டிக்குக் கீழே போய்விட்டன. இடது காதும் கேட்காது. பிடிக்காத பேச்சு வந்தால் அந்தக் காதை நம் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவர் ராணுவத்தில் சேர்ந்தபோது, உயரம் அளக்கும் இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்து, கழுத்தை நீட்டி, மயிரிழையில் தேறியவர். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இரண்டு காலும் போனவருக்குச் செயற்கைக் கால் செய்யும்போது, எவ்வளவு உயரம் வைக்க வேண்டும் என்று அளந்து பார்க்க மிச்சக் கால் எதுவும் இல்லை. அதனால் மருத்துவமனையில் அவரிடமே கேட்டிருக்கிறார்கள். கேட்டிருக்கக் கூடாது. ஊருக்கு வந்து இறங்கிய அன்று, பெரியம்மா அண்ணாந்து பார்த்து அழுதுகொண்டே, "பட்டாளத்துல சோறு நல்லாத்தான் போட்டுகிறாங்க" என்றார். அண்ணன் மறுக்கவில்லை.

நான் முதலில் செய்தது ஷூவைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்ததுதான். அவருக்குப் பொருத்தியிருந்தது விலை உயர்ந்த வெளிநாட்டுப் பாதம். ஷூவின் குதிகால் உயரத்தைக் கணக்கில் வைத்துக் கோணம் பார்த்துப் பொருத்தியது. ஷூவைக் கழற்றிவிட்டு நின்றால் குதிகால் தாழ்ந்து, ஆள் பின்பக்கமாகச் சாய்வார். ஆனால் எங்கள் பக்கம் வீட்டுக்குள் செருப்புக் கால் வைப்பதில்லை. உள்ளே சாமைப் பானை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. பெரியம்மா வாசலிலேயே மறித்து நின்றுகொண்டார். ஷூவைக் கழட்டிட்டு உள்ளே வரட்டும் என்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. கூட்டம் இருந்தால் எனக்குக் குரல் தானாக உயரும்.

"பெரிம்மா, ஷூ தனி, கால் தனின்னு நெனைக்காதீங்க. ரெண்டும் ஒண்ணுதான். ஷூ இல்லாம கால் இல்ல" என்றேன்.

அன்றைக்கு அது பெரிய வெற்றி. பெரியம்மா வழிவிட்டார். அதன் பிறகு அந்த ஷூவுக்குக் கிடைத்த மரியாதை சொல்லி முடியாது. சாயங்காலமானால் அதன் அடிப்பாகத்தைக் கழுவித் துடைப்பார். ராத்திரி காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாலும் ஷூவைக் கழற்ற விட மாட்டார். ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, ஏர்க் கலப்பையோடு ஷூவுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். மற்ற ஊர்களில் நான் சொல்லும் பயிற்சியை யாரும் இந்த அளவுக்குக் கடைப்பிடித்ததில்லை. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் சிக்கல்.

பெண் பேசி வைத்தது காயத்துக்கு முன்பே. அவள் இரண்டு மேடு தள்ளியிருக்கும் ஊர்க்காரி. மகளிர் குழு நடத்தும் சாமை அரைக்கும் மில்லில் வேலை. அந்த மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால், அவள் சாதாரணமாகப் பேசினாலே அண்ணனுக்கு நன்றாகக் கேட்கும். கால் போனதும் அண்ணன் மருத்துவமனையிலிருந்து போன் செய்து, நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். "உன் காலைப் பாத்தா சரின்னு சொன்னேன்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாளாம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணம் வேடியப்பன் களத்தில் நடக்கும். வேடியப்பன் என்பது வில்லோடு நிற்கும் வீரன் ஒருவனைச் செதுக்கிய பழைய நடுகல். அதைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்திருக்கும். அந்த வட்டத்துக்குள் யாரும் செருப்போடு கால் வைக்கக் கூடாது. கலெக்டர் வந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் சுண்டுவிரல் கோத்துக்கொண்டு மூன்று முறை சாமியைச் சுற்றி நடந்தால்தான் கல்யாணம். நடக்காவிட்டால் தாலி கட்டினாலும் ஊர்க் கணக்கில் சேராது.

ஊர்க் கவுண்டர் என் வீட்டுக்கே வந்தார். ஊருக்குப் பெரியவர் அவர்தான். நல்லது கெட்டது எல்லாம் அவர் வார்த்தையில் முடியும். அப்போது புதிதாகப் பல்செட் கட்டியிருந்தார். பேச்சுக்கு நடுவே அதை நாக்கால் ஒருமுறை சரிசெய்துகொள்வார்.

"பாப்பா, அவனை ஷூவைக் கழட்டிட்டு வரச் சொல்லு. மூணு சுத்துதானே" என்றார்.

முடியாது என்றேன். பின்னால் சாய்ந்துவிடுவார், மூன்று சுற்று இல்லை, மூன்று அடிகூட ஆபத்து என்று விளக்கினேன்.

"ஷூ மட்டும் கழட்டினா போதும். காலைக் கழட்டச் சொல்லலியே."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. அன்னிக்கே சொன்னேனே."

கவுண்டர் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தார். பல்லைச் சரிசெய்தார்.

"ரெண்டும் ஒண்ணுன்னா, அப்ப காலும் செருப்புதான்" என்றார். "காலையும் கழட்டிட்டுத்தான் வரணும்."

நான் எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் மூத்த டாக்டர்கள் மடக்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு முட்டுச்சந்தில் யாரும் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியதில்லை. அம்மா அவருக்கு டீ கொடுத்தார். அவர் வெற்றியோடு குடித்துவிட்டுப் போனார்.

விஷயம் ஊர்க் கூட்டத்துக்குப் போனது. களத்துக்கு வெளியே புளியமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக நின்றோம். நிற்க வைத்தால் பேச மாட்டோம் என்று யாரோ எப்போதோ நினைத்திருக்க வேண்டும்.

ஒருவர், தோல்தானே தீட்டு, அதனால்தானே செருப்பு கூடாது என்றார். அப்படியானால் மேளமே தோல்தானே என்று மேளக்காரர் எழுந்தார். மேளம் கையில் இருக்கிறது, தரையில் படவில்லை என்று பதில் வந்தது. போன திருவிழாவில் குடித்துவிட்டு மேளத்தின் மேலேயே படுத்துக் கிடந்தாயே, அது தரையில்தானே இருந்தது என்று இன்னொரு பக்கத்திலிருந்து கேட்டார்கள். பேச்சு அந்தத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பி வர வெகுநேரம் ஆனது. சக்கர நாற்காலி செருப்பா என்று ஒரு கிளைக் கேள்வியும் வந்தது. சைக்கிள் டயர் இருப்பதால் அது வாகனம், வாகனமும் கூடாது என்று முடிவானது.

சாமியையே பார்த்துக்கொள்ளலாமே, சாமி காலில் செருப்பு செதுக்கியிருந்தால் வழக்கே இல்லையே என்று நான் யோசனை சொன்னேன். கல்லூரியில் ஆதாரம் தேடிப் பழகிய புத்தி. எல்லோரும் எழுந்து போய் வட்டத்துக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். வில் இருந்தது, மீசை இருந்தது, இடுப்பில் கத்தி இருந்தது. முட்டிக்குக் கீழே கல் மண்ணில் புதைந்திருந்தது.

"அவருக்கும் முட்டிக்குக் கீழ இல்ல" என்றார் அண்ணன்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஊரே கவுண்டரைப் பார்த்தது. அவர் இருமினார்.

பெரியம்மாதான் ஓங்கி ஒரு போடு போட்டார். கவுண்டரைப் பார்த்து, மரியாதை குறையாமல் கேட்டார். "உங்க பல்லு பிளாஸ்டிக்குதானுங்க? போன மாசம் அந்தப் பல்லோட சாமிப் பொங்கல் சாப்ட்டீங்களே. சாமி ஏதாச்சும் சொல்லிச்சா?"

அன்று பல் வெகுநேரம் சரிசெய்யப்பட்டது.

கடைசியில், மலைக்காரர்களுக்குத் தோன்றும் வழி ஒன்று அவர்களுக்குத் தோன்றியது. ரோடு இல்லாத ஊர்களிலிருந்து நோயாளிகளைப் போர்வையில் தூளி கட்டி, கம்பில் கோத்து, தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிப் பழகிய தோள்கள் அவை. பிரசவமா, பாம்புக்கடியா, எதுவானாலும் நான்கு பேர் தயாராக இருப்பார்கள். மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று சுற்றினால் போயிற்று, கால் தரையில் படவே படாது என்றார்கள். அப்போதே இரண்டு பேர் துண்டை உதறிக் கட்டிக்கொண்டார்கள்.

அண்ணன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார்.

"என்னை யாரும் தூக்க வேணாம்" என்றார். "கடைசியா என்னைத் தூக்கினாங்க, நாலு பேரு. திரும்பி வந்தது மூணு பேரு. நடந்து போனா கல்யாணம். இல்லாட்டி வேணாம்."

துண்டைக் கட்டியவர்கள் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா, அவசரம் என்ன, அடுத்த வருஷம் பார்க்கலாமே என்றார். எங்கள் பக்கம் அடுத்த வருஷம் என்றால் வேறு மாப்பிள்ளை என்று அர்த்தம். கீழே டவுன் கோயிலில் வைத்து முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. "நான் இன்னா திருடிக்கிட்டா போறேன்?"

கவுண்டர் தீர்ப்பைப் பாதி சொன்னார். செருப்பே போடாத கால் ஒன்று கொண்டுவந்தால், அது காலா செருப்பா என்று சாமியையே கேட்டுவிடலாம். சாமி ஒப்புக்கொண்டால் கல்யாணம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செருப்பு போடாத கால். கொண்டுவருகிறேன் என்றேன். கொண்டுவர முடியுமா என்று தெரிந்துகொண்டா சொன்னேன்? படித்தவளைப் பார்த்து ஊரே கேட்கும்போது வேறு எப்படிச் சொல்வது.

நல்லவேளை, அப்படி ஒன்று இருக்கிறது. வெறுங்காலோடு நடக்கவும் வயலில் இறங்கவும் என்றே செய்த ரப்பர் பாதம். அதில் விரல்கூட இருக்கும். எங்கள் பட்டறையில் கால் செய்யும் பாய், வாணியம்பாடிக்காரர். முன்பு ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவர். அவரிடம் போய், ரப்பர் பாதம் வேண்டும், பட்டை, வார், உள்ளுறை எதிலும் தோல் இருக்கக் கூடாது, இல்லை என்று எங்கள் ஊர்க் கவுண்டரிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்றேன். பாய் கத்தரியைக் கீழே வைத்தார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து அசல் தோலுன்னு சத்தியம் பண்ணித்தாம்மா பொழைச்சோம். இல்லன்னு சத்தியம் பண்ணச் சொல்ற மொத ஆளு நீதான்" என்றார். ஆனாலும் போனில் சொன்னார். கவுண்டர் மறுமுனையில் மூன்று முறை கேட்டுக்கொண்டார். அதன் பிறகு இருவரும் கவுண்டரின் பல்செட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், பாய்க்கும் பல்செட்.

புதுக் காலில் ஒரு தகராறு இருந்தது. ஷூ இல்லாததால் உயரம் குறையும். அதைச் சரிக்கட்ட, முட்டிக்கும் பாதத்துக்கும் நடுவில் இருக்கும் குழாயைக் கொஞ்சம் நீட்டச் சொன்னார் அண்ணன். நான் மறுத்தேன். குட்டையாக இருந்தால்தான் நிலையாக நிற்கலாம், இதுதான் சாக்கு என்று உண்மையான உயரத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். இடது காதைத் திருப்பிக்கொண்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பயிற்சியைப் பார்க்க அவள் மில்லிலிருந்து மாவுத் தலையோடு வந்தாள். அவர் எழுந்து நின்றதும் எதிரே போய் நின்று, கையைத் தன் நெற்றியில் வைத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டி அளந்தாள்.

"இப்பதான் ஆளு அடையாளம் தெரியுது" என்றாள்.

அவர் குழாயைப் பற்றி மறுபடி பேசவில்லை.

சாமியைக் கேட்கும் நாள் வந்தது. எங்கள் பக்கம் சாமியிடம் கேட்பது ஆட்டின் மூலம். ஆட்டை நடுகல்லுக்கு முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைக் குலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. குலுக்காவிட்டால் இல்லை. சாதாரணமாகத் தண்ணீர் பட்ட உடனேயே குலுக்கிவிடும். அதனால் பிரியாணிக்கு அரிசியை ஊறப் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் வருவார்கள்.

அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, கல்வட்டத்துக்கு வெளியே, புதுக் காலோடு, ஊன்றுகோலைப் பிடித்து நின்றார். பதில் வரும்வரை உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தரையில் உட்கார்ந்து எழுவது அவருக்குச் சுலபமில்லை என்பதும் ஒரு காரணம். மேளம் அடித்தார்கள். கவுண்டர் தண்ணீர் ஊற்றினார். ஆடு நின்றது.

மறுபடி ஊற்றினார். ஆடு காதைக்கூட அசைக்கவில்லை. சொட்டச் சொட்ட நின்றபடி எதையோ ஆழ்ந்து யோசித்தது. கழுத்து மாலையை எட்டிப் பிடித்து, ஒவ்வொரு செவ்வந்திப் பூவாகத் தின்ன ஆரம்பித்தது. தண்ணீர் குளிர்ச்சியாக இல்லை என்றார் ஒருவர். காதுக்குள் ஊற்ற வேண்டும் என்றார் ஒருவர். சாமியை அவசரப்படுத்தாதீர்கள் என்று கவுண்டர் அதட்டினார். அந்த ஆடு வளர்ந்த வீட்டுக்காரர், சின்ன வயதிலிருந்தே இதற்குப் பிடிவாதம் அதிகம் என்றார், கொஞ்சம் பெருமையாகவே. வெயில் ஏறியது. மேளக்காரருக்குக் கை வலித்து, நடுநடுவே ஒரு அடி மட்டும் அடித்தார். ஆண்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். பெண்ணின் அப்பா அடுத்த வருஷத்தின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஆடும் அண்ணனும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்குப் பயம் வேறு. வெயிலில் வியர்த்தால், கால் பொருத்தியிருக்கும் கிண்ணத்துக்குள், முட்டிக்குக் கீழே மிஞ்சிய நுனி வழுக்க ஆரம்பிக்கும். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன். என்னைப் பார்த்தார், இடது காதைத் திருப்பிக்கொண்டார். கையைக் காட்டினால் காது எதற்கு என்று நான் கோபப்பட்டுக்கொண்டிருக்கும்போதே விழுந்தார்.

பலமாகத்தான் விழுந்தார். ஊன்றுகோல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஊற்றி ஊற்றி வட்டத்துக்கு வெளியே வழிந்த தண்ணீரில் சேறாகிக் கிடந்த இடத்தில் முகம் பட விழுந்தார். ஊரே எழுந்து ஓடியது.

"தொடாதீங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஓடிய கால்கள் எல்லாம் நின்றுவிட்டன.

விழுந்தால் எப்படி எழுவது என்று அவரைப் பழக்கியிருந்தேன். மெத்தை போட்ட அறையில், சேறு இல்லாமல். குப்புறத் திரும்ப வேண்டும். இரண்டு கையையும் ஊன்றி, முட்டியில் ஏற வேண்டும். கோலை இழுத்து நட்டு, வலது பாதத்தை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். கை வழுக்கியது. மறுபடி ஊன்றினார். முட்டியில் ஏறினார். ரப்பர் பாதம் சேற்றில் பிடித்துக்கொண்டது; அந்த வெளிநாட்டுப் பாதமாக இருந்தால் கதை வேறு. மேளக்காரர் குச்சியை ஓங்கியபடியே நின்றார். கவுண்டர் சொம்பைச் சாய்த்தபடி நின்றார், தண்ணீர் அவர் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் கோலில் தொங்கி, ஒரு பக்கமாகக் கோணி, நிமிர்ந்து நின்றார். மீசையெல்லாம் மஞ்சள் சேறு.

அப்புறம்தான் யாருக்கோ ஆட்டின் நினைவு வந்தது.

ஆடு பழைய இடத்திலேயே பழைய முகத்தோடு நின்றது. மாலையில் நார் மட்டும் மிச்சம்.

"ஆடு குலுக்குச்சா?" என்றார் கவுண்டர்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேர் கூடி நின்று, ஆட்டைப் பார்க்க வந்த ஒருவர்கூட ஆட்டைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவரே பார்க்கவில்லை.

"யாராச்சும் பாத்தீங்களா?"

"நான் பாத்தேன்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவள்தான். "குலுக்குச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"தலையில இருந்து வாலு வரிக்கும். தண்ணி என் மேலயே தெறிச்சுது" என்று முந்தானையைக் காட்டினாள். முந்தானை ஈரமாகத்தான் இருந்தது. வெயிலில் எங்கள் எல்லோருடைய முந்தானையும் வியர்வையில் ஈரமாகத்தான் இருந்தது.

கவுண்டர் அவளைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். சேற்றோடு நிற்கும் அண்ணனை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்தார்.

"சாமி சொல்லிட்டாரு. அது காலுதான்."

மேளக்காரர் அதற்காகவே காத்திருந்ததுபோல் அடித்தார்.

நான் பெண்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். அண்ணன் கையை ஊன்றியபோது அவள் தன் தொடையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் முட்டியில் ஏறியபோது அவளுக்கு முட்டி மடங்கியது. அவர் நிமிர்ந்தபோது இவள் குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நின்றாள். ஆடு நின்ற பக்கம் அவள் தலை திரும்பவே இல்லை.

ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. பிடிவாதக்காரர்களின் கறி கடினமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை.

சில நாள் கழித்து, புடவை எடுக்க அவள் டவுனுக்கு வந்தாள். ஜீப்பில் முன்சீட்டில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். நிஜமாகவே ஆடு குலுக்கியதைப் பார்த்தாயா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் மெதுவாகப் பேசத் தெரியாதவள். டிரைவருக்கும் பின்னால் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"அத்தினி தண்ணி ஊத்தினா ஆடு குலுக்காம இன்னாக்கா பண்ணும்? எப்பவாச்சும் குலுக்கியிருக்கும்."



வைகாசியில் கல்யாணம் நடந்தது. பெரியம்மா புதுக் காலுக்கும் பொட்டு வைக்க வந்தார், நகத்துக்குச் சாயம் பூச வேண்டும் என்று மில் பெண்கள் கேட்டார்கள், இரண்டையும் தடுத்துவிட்டேன். சுண்டுவிரல் கோத்து இருவரும் கல்வட்டத்துக்குள் இறங்கினார்கள். தூளி தூக்கும் நான்கு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள், பெண்ணின் உத்தரவு. முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவதில் அவள் மில்லுக்கு நேரமாகிவிட்டதுபோல் விறுவிறுவென்று நடந்தாள். ஒரு காது கேட்காதவருக்குத் தன் ரகசியம் எவ்வளவு சத்தம் என்று தெரியாது. அவள் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார், களம் முழுக்கக் கேட்டது.

"மெள்ளப் போடி. நானும் வர்றேன் இல்ல?"

அவள் நின்றாள். அவர் அடுத்த அடியை எடுத்து வைக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் தன் காலை எடுத்தாள்.